மெழுகுவத்தி ஸ்டாண்டை வெட்டிய வாள்

என் பெண்ணுக்கு வயது பதிமூன்று. ஒரு வருடமாக அனிமே பைத்தியம். முன்பெல்லாம் அவள் போனைத் திறந்தால் நாங்கள் எல்லோரும் மகாபலேஷ்வரில் எடுத்துக்கொண்ட போட்டோ இருக்கும். இப்போது அந்த இடத்தை ஒரு ஜப்பான்காரர் பிடித்துக்கொண்டுவிட்டார். நல்ல உயரம், கறுப்பு உடை, கறுப்புக் கையுறை, வலது கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, இடது கண் தங்க நிறம்.

"யாரும்மா இந்த ஹீரோ?"

"ஹீரோ இல்லப்பா. வாள்."

விளங்கவில்லை. அவள் விளக்கினாள். இது ஓர் ஆள் மாதிரி இருக்கிற வாள். பேர் ஷோகுதாய்கிரி மிட்சுதாதா. நிஜமாகவே ஜப்பானில் இருக்கிற வாளாம், அனிமேயில் ஆளாக வருகிறதாம். "வாளுக்கு எதுக்கு கண்ணுல கட்டு?" என்றேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் எவ்வளவு பழைய ஆள் என்று தெரிந்துபோயிற்று. தங்கமணி உள்ளேயிருந்து, "பரீட்சைக்கு இந்த மாதிரி விளக்கம் குடுத்தா தேவலை" என்று ஒரு குரல் கொடுத்தார்.

புனேவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் தமிழ் அவளுக்கு முக்கால்வாசி புரியும், அவளுடைய மராத்தி எனக்குப் பாதி புரியும். இடையில் பேசுவதற்கு ஏதாவது ஒரு பொது விஷயம் கிடைத்தால் விடக்கூடாது என்று ஒரு எண்ணம். அதனால் அந்த வாளைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். படித்ததை அவளிடம் சொல்லப்போய் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

'தோக்கென் ரன்பு' என்பது 2015 ஜனவரியில் ஜப்பானில் வந்த இணைய விளையாட்டு. பிறகு மேடை நாடகமாயிற்று, 2016இலும் 2017இலும் அனிமே தொடர்களாயிற்று, 2019இல் ஆட்கள் நடித்த சினிமாவும் வந்தது. கதை இதுதான். கி.பி. 2205ஆம் ஆண்டு. ஒரு கூட்டம் கடந்த காலத்துக்குப் போய் வரலாற்றை மாற்றப் பார்க்கிறது. அதைத் தடுக்கப் பழைய புகழ்பெற்ற வாள்களையெல்லாம் மனித உருவில் எழுப்பி அனுப்புகிறார்கள். பழைய பொருள்களுக்கு நாளாவட்டத்தில் உயிர் வந்துவிடும் என்று ஜப்பானில் ஒரு பழைய நம்பிக்கை. அப்படி உயிர் வந்த பொருளுக்கு 'த்சுகுமோகாமி' என்று பேர். நூறு வருடம் உழைத்த சாமானை வருடக் கடைசியில் வீடு சுத்தம் செய்யும்போது தெருவில் எறிந்துவிட்டால் அது கோபித்துக்கொண்டு பேயாக வரும் என்றெல்லாம் கதைகள் உண்டு.

கேட்க விளையாட்டுத்தனமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. இந்த வாள்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் எஜமானர்கள் இருந்தார்கள். பலர் அகாலமாகச் செத்தவர்கள். வாளுக்கு எஜமான்மேல் பாசம். அவர் சாகப்போகிற நாளுக்கே திரும்பப் போய் நிற்கிறது. காப்பாற்றலாம், கையில் பலமும் இருக்கிறது. ஆனால் காப்பாற்றக் கூடாது. வரலாற்றை அப்படியே விட வேண்டும் என்பதுதான் உத்தரவு. 2019 படத்தில் 1582இல் சாகவேண்டிய ஓதா நொபுநாகா பிழைத்துவிடுகிறார். அவரைச் சாகவைப்பது வாள்களின் வேலையாகிறது. இதைத்தான் என் பெண் சாப்பிடும்போதுகூட யோசித்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது.

சரி, நம் கண்பட்டைக்காரருக்கு வருவோம்.

மிட்சுதாதா என்பது வாளைச் செய்த கொல்லரின் பெயர். 13ஆம் நூற்றாண்டு. ஊர் ஒசாபூனே. அப்போது பிஸென் நாடு என்றார்கள், இன்றைக்கு ஒகயாமா மாநிலத்தில் செத்தோஉச்சி நகரத்துக்குள் இருக்கிறது. ஆற்று மணலிலும் மலைச்சரிவிலும் கிடைக்கும் இரும்பு மணலைக் கரியோடு உலையில் உருக்கி எஃகு எடுத்து, அதை மடித்து மடித்து அடித்து வாள் செய்த ஊர். ஒசாபூனே கொல்லர் பரம்பரையின் முதல் ஆள் என்று மிட்சுதாதாவைச் சொல்வார்கள். ஓதா நொபுநாகாவுக்கு மிட்சுதாதா வாள் என்றால் உயிர். இருபதுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தாராம். நம் ஊரில் சிலர் பட்டுப்புடவை சேர்ப்பது மாதிரி.

அவற்றைப் போன்ற ஒரு மிட்சுதாதா, தாத்தே மசாமுனே கையில் இருந்தது. மசாமுனே (1567–1636) வடக்கே செண்டாய் நகரத்தை உண்டாக்கிய பிரபு. சின்ன வயதில் அம்மை போட்டு வலது கண் போனவர். 'ஒற்றைக்கண் டிராகன்' என்று பேர். 1613இல் ஒரு கப்பலைக் கட்டிப் பசிபிக் கடலைத் தாண்டி ரோமாபுரிக்குத் தூது அனுப்பியவர். சமையலில் ருசி உள்ளவர் என்றும் சொல்வார்கள். அனிமே வாளுக்குக் கண்ணில் பட்டை ஏன், அடுப்படியே கதி என்று ஏன் இருக்கிறார் என்பதற்கெல்லாம் காரணம் இந்த எஜமான்தான்.

இனி பெயர். 'ஷோகுதாய்' என்றால் மெழுகுவத்தி ஸ்டாண்டு. 'கிரி' என்றால் வெட்டு. மெழுகுவத்தி ஸ்டாண்டை வெட்டிய மிட்சுதாதா. ஒரு நாள் மசாமுனே இந்த வாளை வீசினார், பக்கத்திலிருந்த உலோக ஸ்டாண்டும் சேர்ந்து துண்டாயிற்று, அதனால் இந்தப் பேர்.

இதை நான் பெரிய பண்டிதர் மாதிரி ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் அப்பா படித்திருக்கிறாரே என்று ஒரு சந்தோஷம். நானும் விடாமல், "ஸ்டாண்டை வெட்டணும்னு வெட்டலைம்மா. அதுக்கு முன்னால ஒரு ஆள் இருந்தான். அவனை வெட்டினப்போ ஸ்டாண்டும் சேர்ந்து போச்சு" என்றேன்.

அவள் கை சாப்பாட்டில் நின்றுவிட்டது.

"ஆளா? யாருப்பா? அவர் பேர் என்ன?"

தெரியாது என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். கதை இவ்வளவுதான். மசாமுனேவிடம் வேலை பார்த்த ஒருவன் ஏதோ தவறு செய்தான். அவர் வாளை உருவினார். விளக்குப் பக்கம் இருந்தவனை வெட்டினார். அவனோடு ஸ்டாண்டும் விழுந்தது. பிற்பாடு மித்தோ நாட்டின் முதல் பிரபு தொகுகாவா யொரிபூசா, மசாமுனே வீட்டுக்கு வந்தபோது இந்தக் கதையைக் கேட்டு வாளின்மேல் ஆசைப்பட்டார். இவருக்குக் கொடுக்க மனமில்லை. அவரோ ஷோகன் வம்சம், இயெயாசுவின் பிள்ளை. எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு கதை. எந்த வாள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது துல்லியமாக இருக்கிறது. வெட்டுப்பட்டவன் பேர் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. என்ன தவறு செய்தான் என்பதும் கிடைக்கவில்லை. மெழுகுவத்தி ஸ்டாண்டுக்கு இருக்கிற இடம் அவனுக்கு இல்லை.

சரி, இது ஒரு வாளின் கதை என்று விட்டுவிடலாம் என்றால், அதே அனிமேயில் வருகிற இன்னும் இரண்டு வாள்கள் கண்ணில் பட்டன.

ஒன்று ஹெஷிகிரி ஹசேபே. நொபுநாகாவின் வாள். இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று, புகுஓகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'ஹெஷிகிரி' என்றால் அழுத்தி வெட்டுவது. தேநீர்ப் பணி செய்த ஒருவன்மேல் நொபுநாகாவுக்குக் கோபம். அவன் ஓடிப்போய்ச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டான். வாளை ஓங்க இடமில்லை. அதனால் உள்ளே நுழைத்து அழுத்தினார். அழுத்தியதிலேயே உடல் வெட்டுப்பட்டுவிட்டது. அவ்வளவு கூர்மை என்று பெருமையாகச் சொல்கிற கதை.

இன்னொன்று கசேன் கனேசாதா. ஹொசொகாவா தாதாவோகியின் வாள். தாதாவோகி லேசுப்பட்டவர் இல்லை. தேநீர்க் கலையில் சென் நோ ரிக்யூவின் நேர்ச் சீடர், நல்ல ரசிகர். 'கசேன்' என்றால் கவிச்சித்தர்கள். ஜப்பானிய மரபில் முப்பத்தாறு கவிச்சித்தர்கள் உண்டு. வாளுக்கு ஏன் அந்தப் பேர்? அவர் தன் வேலையாட்களில் முப்பத்தாறு பேரை இந்த வாளால் வெட்டினாராம். முப்பத்தாறு என்ற எண்ணுக்குப் பொருத்தமாக ஒரு கவித்துவமான பேர். அந்த எண்ணிக்கை நிஜமா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அப்படி ஒரு கதையைச் சொல்லி, அதற்கு இப்படி ஒரு பேரை வைத்து, நாலு நூற்றாண்டாக ரசித்திருக்கிறார்கள் என்பது நிஜம்.

ஆக மூன்று வாள், மூன்று அழகான பேர். மூன்றிலும் செத்தவர்கள் எதிரிகள் இல்லை. போர்க்களத்தில் வாளோடு எதிரே நின்றவர்கள் இல்லை. வீட்டில் வேலை பார்த்தவர்கள், ஓடி ஒளிந்தவர்கள். மூன்று கதையிலும் சேர்த்துத் தேடியதில் ஒரே ஒரு பேர்தான் கிடைத்தது. அலமாரிக்கு அடியில் ஒளிந்தவன் பேர் கன்னாய்.

மறுநாள் காலையில் அவளிடம் சொன்னேன். ஒரு பேர் கிடைச்சிருக்கு, ஆனா நீ கேட்ட ஆள் இல்லை என்று. "கன்னாய்" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்.

"அப்பா, ஹசேபே அந்தப் பேரை வேணாம்னு சொல்வார். ஹெஷிகிரின்னு கூப்பிடாதீங்க, ஹசேபேன்னு கூப்பிடுங்கன்னு. பழைய எஜமான் பண்ணின அட்டூழியத்துல வந்த பேராம்."

சரிபார்த்தேன். உண்மைதான். விளையாட்டில் அந்தப் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்லும்போது இப்படித்தான் கேட்டுக்கொள்கிறது. நம் மிட்சுதாதாவும் அறிமுகத்தில் நெளிகிறார். வெண்கல ஸ்டாண்டையே வெட்டுவேன் என்று சொல்லிவிட்டு, இது கேட்க ஒன்றும் கெத்தாக இல்லையே என்கிறார். ஆள் எப்போதும் ஸ்டைலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். எல்லோரும் சிரிக்கிற இடம் அது. ஆனால் அந்தச் சிரிப்பில் ஸ்டாண்டு இருக்கிறது, ஆள் இல்லை. 'ஹனமாரு' என்ற அனிமே தொடரில் இந்த மிட்சுதாதாவும் அந்தக் கசேனும்தான் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். வேலையாட்களை வெட்டிப் பேர் வாங்கிய இரண்டு வாள்கள் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு காய் நறுக்குகின்றன. எழுதியவர்கள் யோசித்துச் செய்தார்களா, தற்செயலா, எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு பிராயச்சித்தம் மாதிரி பட்டது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வாள் இப்போது எங்கே இருக்கிறது என்று அவள் அடுத்துக் கேட்டாள். அதுதான் இதைவிடப் பெரிய கதை.

மித்தோ வீட்டுக்கு வாள் போனது என்று சொன்னேன் அல்லவா? அந்த வீடு வரலாற்றுக்குப் பேர்போன வீடு. யொரிபூசாவின் மகன் மித்சுகுனி 1657இல் ஜப்பானின் முழு வரலாற்றையும் எழுதுவது என்று ஆரம்பித்தார். அந்த வேலை முடிந்தது 1906இல். இரண்டரை நூற்றாண்டு! தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் கொடுத்து அறிஞர்களை வைத்து எழுத வைத்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு டோக்கியோவில் சுமிதா ஆற்றங்கரையில் கோஉமே என்ற இடத்தில் ஒரு மாளிகை இருந்தது. இன்று அந்த இடம் சுமிதா பூங்கா. வாள் அங்கேதான் இருந்தது.

1923 செப்டம்பர் 1. மத்தியானம் 12 மணிக்கு இரண்டு நிமிடம். நிலநடுக்கம், ரிக்டர் அளவில் 7.9. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம், மர வீடுகள், பலத்த காற்று. நிலநடுக்கத்தைவிடத் தீயில் செத்தவர்கள்தான் அதிகம். மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல். ஹோன்ஜோ பகுதியில் முன்பு ராணுவ உடைக் கிடங்கு இருந்த காலி மைதானத்தில், மூட்டை முடிச்சோடு வந்து ஒதுங்கியவர்களில் சுமார் 38,000 பேர் அந்த ஒரே இடத்தில் கருகினார்கள். மித்தோ மாளிகையும் எரிந்தது. வாளும் எரிந்தது.

எரிந்தால் வாளுக்கு என்ன, இரும்புதானே என்று தோன்றும். அங்கேதான் விஷயம். ஜப்பானிய வாளின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது. கொல்லர் வாள்மேல் களிமண் பூசுவார். முதுகில் கனமாக, விளிம்பில் லேசாக. நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார். களிமண் குறைவாக உள்ள விளிம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கிற தன்மையோடு இருக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் அலை அலையாக ஒரு வெள்ளைக் கோலம் தெரியும். மிட்சுதாதாவின் கைநேர்த்தி அந்தக் கோலத்தில்தான் இருந்தது. தீயில் கிடந்து தானாக ஆறினால் அந்தக் கடினம் போய்விடும், கோலமும் போய்விடும். வடிவம் இருக்கும், வாள் இருக்காது. மறுபடி காய்ச்சிப் பதமேற்றலாம். 1615இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது கருகின வாள்களை இயெயாசு அப்படி யசுத்சுகு என்ற கொல்லரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். இச்சிகோ ஹிதோபுரி, நமாஸுவோ தோஷிரோ என்ற இரண்டு வாள்கள் அப்படிப் பிழைத்தவை. விளையாட்டில் அந்த இருவருக்கும் பழைய நினைவுகள் இல்லை. தீயில் போய்விட்டதாம்.

மித்தோ வீட்டார் இந்த வாளைச் சாம்பலிலிருந்து பொறுக்கி எடுத்து வைத்தார்கள். கறுத்து, மேலெல்லாம் சொரசொரத்துப்போன ஓர் இரும்புப் பட்டை. எறியவும் இல்லை, மினுக்கவும் இல்லை. பிறகு உலகம் அதை மறந்துவிட்டது. நிலநடுக்கத்தில் போன வாள்களில் ஒன்று என்றே வெளியே நினைத்திருந்தார்கள்.

2015இல் விளையாட்டு வந்ததும் மித்தோவிலுள்ள தொகுகாவா அருங்காட்சியகத்துக்கு விசாரிப்புகள் வர ஆரம்பித்தன. பெரும்பாலும் இளம்பெண்கள். எங்கள் மிட்சுதாதா உங்களிடம்தான் இருந்தாராமே, என்ன ஆனார் என்று. அருங்காட்சியகம் அந்தக் கருகின வாளை அதே வருடம் காட்சிக்கு வைத்தது. பளபளக்கிற தேசியப் பொக்கிஷங்கள் எத்தனையோ இருக்க, ஒரு கரிக்கட்டையைப் பார்க்க ரயில் ஏறி வந்து வரிசையில் நின்றார்கள். இந்த ரசிகைகளுக்கு 'வாள் பெண்கள்' என்று ஜப்பானில் ஒரு பேரே வந்துவிட்டது. கேலிதான். ஆனால் அவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவர்கள் இல்லை. அசோ கோயிலில் இருந்து 1945 தோல்விக்குப்பின் ஆயுதப் பறிமுதலில் காணாமல்போன ஹோத்தாருமாரு என்ற வாளுக்கு ஒரு மறுபிரதி செய்ய 2015இல் பணம் கேட்டார்கள். கேட்டதைப்போல எட்டு மடங்கு சேர்ந்தது. 2020இல் சஞ்சோமோ என்ற வாளைச் செத்தோஉச்சி நகரமே 50 கோடி யென்னுக்கு வாங்கியபோதும் இவர்கள் காசு அதில் உண்டு. ஐந்நூறு பக்கப் புத்தகம் செய்யாத வேலையை ஒரு பொம்மைப் படம் செய்திருக்கிறது. அனிமேயைத் திட்டுகிற அப்பாக்கள் (நானும்தான்) இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம். :-)

இவ்வளவும் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எரிந்துபோன பிறகும் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்களே என்று. எனக்கும் அங்கேயே முடித்துவிட ஆசைதான். நல்ல முடிவு. ஆனால் 1923ஐப் பற்றிப் படிக்கும்போது வேறு ஒன்றும் கண்ணில் பட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மித்தோ மாளிகையில் வாள்கள் எரிந்து கிடந்த அதே நாட்களில், வெளியே தெருவில் வேறு வாள்கள் நடமாடின. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. கொரியா அப்போது ஜப்பானின் காலனி. பிழைப்புக்காக வந்திருந்த கூலிக்காரர்கள்தான் அதிகம். தெருவுக்குத் தெரு ஆட்கள் 'பாதுகாப்புக் குழு' அமைத்து, வீட்டிலிருந்த வாள், மூங்கில் ஈட்டி, தீயணைப்புக் கொக்கி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நின்றார்கள். ராணுவமும் போலீஸும்கூடக் கொன்றன. போகிற வருகிறவர்களை நிறுத்தி, 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். கொரிய நாக்குக்கு அந்த ஒலி வராது. உச்சரிப்பு பிசகினால் முடிந்தது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஆறாயிரம்வரை சொல்கிறார்கள்.

செப்டம்பர் 6ஆம் தேதி ச்சிபா மாநிலத்தில் புகுதா என்ற கிராமம். தென்மேற்கே ககாவா பக்கத்திலிருந்து மருந்து விற்க வந்த பதினைந்து பேர். ஜப்பானியர்கள்தான், கொரியர்கள் இல்லை. ஆனால் பேச்சு அந்த ஊர்ப் பேச்சாக இல்லை. சந்தேகப்பட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். ஒன்பது பேரைக் கொன்றார்கள். அதில் சின்னக் குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் உண்டு.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இந்த ஊரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். நல்ல ஊர், நல்ல மனிதர்கள், ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனாலும் காய்கறிக் கடையில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினால் போதும், "சார், சௌத் சைடா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். என் பெண் மதுரைக்குப் போனால் அவள் பேசுகிற தமிழைக் கேட்டு அவளுடைய அத்தை பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உச்சரிப்பு என்பது நமக்கெல்லாம் ஒரு சிரிப்புச் சமாச்சாரம். அது அப்படியே சிரிப்புச் சமாச்சாரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர என்ன செய்ய?

அந்த 38,000 பேர் கருகிய மைதானம் இன்று யோகோஅமிச்சோ பூங்கா. வாள் எரிந்த இடத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். அங்கே 1930இல் கட்டிய நினைவு மண்டபத்தில் நிலநடுக்கத்தில் செத்த சுமார் 58,000 பேரின் அஸ்தி இருக்கிறது. அதே பூங்காவில் 1973இல் கொல்லப்பட்ட கொரியர்களுக்கும் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். ஒவ்வொரு செப்டம்பர் 1ஆம் தேதியும் அங்கே அஞ்சலி நடக்கும். டோக்கியோ ஆளுநர்கள் இரங்கல் செய்தி அனுப்புவது வழக்கமாக இருந்தது. 2017இல் அது நிறுத்தப்பட்டது. நிலநடுக்கத்தில் செத்த எல்லோருக்கும் சேர்த்து அஞ்சலி செலுத்துகிறோமே, தனியாக எதற்கு என்று காரணம் சொன்னார்கள். இடிந்து செத்ததும் இழுத்து வந்து வெட்டிக் கொன்றதும் ஒன்றாகிவிட்டது. இன்னொரு பக்கம், அப்படி ஒரு கொலையே நடக்கவில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த விளையாட்டில் எதிரிக் கூட்டத்துக்கு என்ன பேர் என்று பெண்ணிடம் கேட்டேன். ஜப்பானிய மொழியில் அவர்களை 'வரலாற்றைத் திருத்துவோர்' என்பார்களாம். அவர்கள் காலத்தில் பின்னோக்கிப் போக இயந்திரம் தேவைப்படுகிறது. நிஜத்தில் அவ்வளவு சிரமம் தேவையில்லை. ஒரு செய்தியை அனுப்பாமல் விட்டால் போதும். ஒரு பேரை எழுதாமல் விட்டால் போதும். ஆளை வெட்டிவிட்டு வாளுக்கு மெழுகுவத்தி ஸ்டாண்டின் பேரை வைத்தால் போதும்.

கடைசியில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதிமூன்று வயதுக்கு இதெல்லாம் தேவையா என்று தங்கமணி கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். ஆனால், எஜமான் சாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, மாற்றக் கூடாது என்று பல்லைக் கடித்து நிற்கிற வாள்களை வாராவாரம் பார்க்கிற பெண் அவள். கதையில் அதைத் தாங்குகிறவளிடம் நான் மட்டும் நல்ல பகுதியை வைத்துக்கொண்டு கெட்டதை வெட்டிக் கொடுத்தால், நானும் அந்தத் திருத்துகிற கூட்டத்தில் ஓர் ஆள் ஆகிவிட மாட்டேனா?

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இப்போ மிட்சுதாதாவைப் பிடிக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டாள்.

பிடிக்கலாம்மா என்றேன். வாள் என்ன செய்யும், பிடித்தவன் கை செய்தது. எரிந்தும் போயிற்று. எரிந்ததை எரிந்தபடியே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறார்களே, அதுதான் அதில் பெரிய விஷயம். மறுபடி பதமேற்றி, பளபளவென்று தீட்டி, ஒன்றும் நடக்காதது மாதிரி வைக்கவில்லை. பார்க்கிறவனுக்கு அது வாள் என்றும் தெரிகிறது, அதற்கு என்ன நடந்தது என்றும் தெரிகிறது. வெட்டுப்பட்டவனுக்கும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வரி இடம் கொடுத்தால் நன்றாக இருக்கும். பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பேர் தெரியாது என்றே எழுதலாம்.

போனில் அந்தப் படத்தை அவள் மாற்றவில்லை. கண்பட்டைக்காரர் அப்படியேதான் நிற்கிறார். ஆனால் நேற்று அவளுடைய நோட்டுப் புத்தகத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். பின்பக்கத்தில் அவரை வரைந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி ஸ்டாண்டு. அதற்குப் பின்னால் முகம் இல்லாமல் ஓர் ஆள். முகத்தை வரைய ஆரம்பித்து அழித்த தடம் இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

பி.கு.: ஜப்பானியப் பெயர்களைக் காதால் கேட்டதை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். இந்தத் திருத்தம் தப்பில்லை என்று என் பெண் அனுமதி கொடுத்திருக்கிறாள்.